சோபாவில் இருந்தபடி நடந்தவன்

நான் நடக்கவில்லை. முதல் நாளைத் தவிர... ஒரு நாள்கூட நான் நடக்கவில்லை!

இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். என் மனைவிக்குத் தெரியாது. குகனுக்குத் தெரியவே தெரியாது.

குகன் என் நண்பன். நான் சட்டனில், அவன் ஹரோவில். லண்டனின் இந்த மூலையும் அந்த மூலையும். இருவருமே பெருத்த உடம்புக்காரர்கள். கோயில் அன்னதானத்தில் எங்களைக் கண்டாலே பரிமாறுகிறவர்கள் சிரித்துக்கொண்டு இன்னொரு கரண்டி வைப்பார்கள். நாங்களும் சிரிப்போம்.

கொரோனா வந்து ஊரைப் பூட்டியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. பருத்த உடம்புக்கு ஆபத்து அதிகம் என்று தொலைக்காட்சி ஓயாமல் சொன்னது. என்னைப் பார்த்தே சொல்வதுபோல் இருக்கும்! விமான நிலையச் சமையற்கூடத்தில் என் வேலையும் நின்றது. மனைவி முதியோர் இல்லத்து ஷிப்டுக்குப் போய்விடுவாள். வீட்டில் நானும் பிரிட்ஜும்தான்.

அப்போதுதான் குகன் அந்த யோசனையைச் சொன்னான்.

"மச்சான், இப்பிடியே இருந்தா ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்திடுவம். பின்னேரத்தில போனில கதைச்சுக்கொண்டு நடப்பம். நீ அங்க நட, நான் இங்க நடக்கிறன்."

"ஓம் மச்சான்," என்றேன்.

முதல் நாள் உண்மையாகவே போனேன். எதிரே வந்த ஒரு பெண் என்னைக் கண்டதும் தெருவின் மறுபக்கம் மாறினாள். அந்த நாட்களில் எல்லோரும் எல்லோரையும் கண்டு விலகித்தான் போனார்கள்... தெரியும். ஆனாலும் என் உடம்பைப் பார்த்துத்தான் விலகினாள் என்று மனம் அடித்துச் சொன்னது. திரும்பி வந்து சோபாவில் விழுந்தேன். போன் இன்னும் காதில் இருந்தது.

"எங்க நிக்கிறாய்?" என்றான் குகன்.

"பார்க் வாசலுக்கு வந்திட்டன்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

பிறகு தினமும் அதே கூத்துத்தான். அவன் நடப்பான். நான் மிக்சர் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, பூங்காவில் பூத்ததையும் உதிர்ந்ததையும் வர்ணிப்பேன். மெல்லும்போது மியூட். மூச்சு வாங்குவதற்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை, சமையலறைக்குப் போய்வந்தாலே போதும். "ரவுசர் இடுப்பில நிக்குதில்லை மச்சான்!" என்று அவன் குதூகலித்தபோது எனக்கு எரிச்சல் வந்தது. ஆம், எரிச்சல்! அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் அவன் வீட்டுக்கு அருகேயுள்ள மேட்டில் ஏறிக்கொண்டிருந்தான். குரல் கம்மியது.

"மச்சான், நெஞ்சு இறுக்கிற மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் நிப்பமே? வீடியோவைப் போடு, உன்ர பார்க்கைப் பாப்பம்."

வீடியோ! என் மடியில் கிண்ணம். எதிரே தொலைக்காட்சி. நான் அணிந்திருந்ததோ வீட்டில் கட்டும் சாரம்.

அவன் நெஞ்சு என் காதில் விழவில்லை. வீடியோ மட்டும்தான் விழுந்தது.

"நிக்காத மச்சான். கொஞ்சம் நட. நானும் கூடத்தானே வாறன்!"

அவன் நடந்தான். என்னை நம்பி நடந்தான்... கொஞ்ச நேரம் அவன் மூச்சு கேட்டது. பிறகு போன் தரையில் மோதும் சத்தம். நான் கத்தினேன். வழியால் போன யாரோ ஒரு பெண் போனை எடுத்தாள். அவளிடம் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லி அலறினேன். நீங்கள் பக்கத்திலா நிற்கிறீர்கள் என்று கேட்டாள். ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கத்தினேன்.

குகன் பிழைத்தான். ஆனால் இதயம் பாதிதான் வேலை செய்கிறது. மாடிப்படி ஏற ஏலாது. கட்டிலை முன்னறைக்கு இறக்கிவிட்டார்கள். அந்த மாரடைப்பு என்றைக்காவது வந்தேயிருக்கும் என்றார்களாம் வைத்தியர்கள். அதைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பார்த்தேன்... முடியவில்லை. நின்றிருந்தால்? ஒரு மதிலில் சாய்ந்திருந்தால்? யார் சொல்வார்கள் எனக்கு?

அவன் மனைவி ரஞ்சினி என்னைக் காணும்போதெல்லாம் கண்கலங்குவாள். "அண்ணை, நீங்கள் போனில இருந்தபடியாத்தான் இவர் தப்பினவர்." நான் தலையாட்டுவேன். தேநீரும் வாங்கிக் குடிப்பேன். எப்படிப்பட்ட மனிதன் நான்!

இப்போது நான் நடக்கிறேன். "எனக்கும் சேத்து நட மச்சான்" என்று அவன் கேட்டதால், தினமும் பின்னேரம் அவன் கட்டிலில் சாய்ந்திருக்க, நான் போனில் அவனோடு கதைத்தபடி உண்மையான பூங்காவில் நடக்கிறேன். அன்று நான் சொன்ன இடத்தில் பூக்கள் ஒன்றுமே இல்லை. புல்வெளி மட்டும்தான்.

நேற்றுச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். பூங்கா வாசலில் நின்றேன்.

"குகன்... அண்டைக்கு நான்..."

"ஏன் நிண்டிட்டாய்? மூச்சு வாங்குதே?" என்றான் அவன். குரலில் அவ்வளவு பரிவு! "நிக்காத மச்சான். கொஞ்சம் நட. நானும் கூடத்தானே வாறன்."

நான் நடந்தேன்.