பெண் பார்க்கப் போன இடத்தில் கத்தி தீட்டினேன்

சூடு ஆறாத ரப்பர் வாசனை... குளித்தாலும் போகாது. சோற்றுத் தட்டு வரைக்கும் கூடவே வரும்.

அப்போது திருவொற்றியூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து வரும் பீஸ்களின் ஓரத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கத்தியால் சீவி எடுப்பதுதான் எங்கள் செக்‌ஷன் வேலை. கத்தி மொக்கையானால் ரப்பர் பிய்ந்துவிடும், பீஸ் ரிஜெக்ட். அதனால் அடிக்கடி தோல் பெல்ட்டில் தீட்டிக்கொள்வோம். பதம் வந்துவிட்டதா என்று இடது கை முடியை மழித்துப் பார்ப்போம். எங்களில் ஒருவனுக்கும் இடது முன்கையில் முடி இருக்காது...

அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ராயபுரத்துக்குப் பெண் பார்க்கப் போகும் வரை.

போட்டோவில் பார்த்தபோதே செல்வியை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "முழுக்கை சட்ட போட்டுக்கினு வாடா" என்று அம்மா முன்னாடியே சொன்னார். போட்டேன். புழுக்கம் தாங்காமல், டீ குடிக்கும்போது சுருட்டிவிட்டேன். பெண்ணின் அத்தை பார்த்துவிட்டார்.

"இன்னா நைனா, ஒரு கைல மட்டும் முடியே இல்ல? தோல் வியாதி எதுனா கீதா?"

வேலையைப் பற்றிச் சொன்னேன். யாரும் நம்பிய மாதிரி தெரியவில்லை. பெண்ணின் அப்பா டீயைப் பாதியில் கீழே வைத்துவிட்டார். போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். செல்வி எழுந்து உள்ளே போய், காய் நறுக்கும் கத்தியோடு வந்தாள்.

"இத்த தீட்டி காட்ட சொல்லுப்பா. தெரிஞ்சிரும்."

பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அதன் அடியில் சொரசொரப்பாக இருக்கும் விளிம்பில் கத்தியைத் தேய்த்தேன். பிறகு பெல்ட்டைக் கழற்றி ஜன்னல் கம்பியில் கட்டினேன். போட்டிருந்ததோ தோஸ்துடைய பேண்ட்... இடுப்பில் நிற்காது. ஒரு கை பேண்ட்டுக்கு, ஒரு கை கத்திக்கு. பெல்ட்டை யார் இழுத்துப் பிடிப்பது? யாரும் சொல்லாமலே செல்வி வந்து மறுமுனையைப் பிடித்தாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

பதற்றத்தில் அழுத்தி இழுத்துவிட்டேன். முழங்கை ஓரத்தில் மிச்சமிருந்த முடியில் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூட விழவில்லை. அழுத்தினால் கூர் மடங்கிவிடும் என்று தினமும் அதே வேலை பார்க்கிறவனுக்குத் தெரியாதா... அழுகையே வந்துவிட்டது.

"மெதுவா இழுங்க. இன்னா அவசரம்? நான்தான் புட்ச்சிகினு கீறேன்ல" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

மறுபடி கப். மறுபடி பெல்ட். இந்த முறை கத்தியின் முதுகு முன்னே போக, பாரமே கொடுக்காமல் இழுத்தேன். அதே முடி கொத்தாக உதிர்ந்தது. அவள் அப்பா சிரித்துவிட்டு, "கத்திய பத்திரமா உள்ள வைமா" என்றார். அடுத்த மாதமே கல்யாணம்.

இப்போது எங்கள் பையனுக்குப் பெண் பார்க்கிறோம். படிப்பு, சம்பளம், உயரம், ஜாதகம்... எல்லாமே போனில் வந்துவிடுகிறது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரிவதில்லை. போன வாரம் ஒரு பெண்ணிடம் அவனே பேசிவிட்டு வந்தான். எல்லாம் ஓகே என்றான்.

செல்வி அவனிடம் ஒன்றுதான் கேட்டாள். "அந்த பொண்ணு உன்ன எதுனா கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலமா."

"அப்ப அது உன்ன இன்னும் பாக்கவே இல்லடா."