ஏழாவது பூச்சி

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தேன். பள்ளிக்குக் கீழே ஓர் ஓடை. விடுமுறை நாட்களில் அதில் கெண்டை பிடிப்பேன். மண்புழுவில் அல்ல, நானே கட்டிய பொய்ப்பூச்சியில். வேலூர்ப் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஆங்கிலப் புத்தகத்தின் படங்களைப் பார்த்துக் கற்றது அது.

சிறிய தூண்டில் முள்ளைக் குறட்டின் வாயில் வைத்து, கைப்பிடியை ரப்பர் வளையத்தால் இறுக்கிக்கொள்வேன். கம்பளி நூலைப் பிரித்து, ஒரே ஒரு புரியில் மெழுகு தடவி, முள்ளின் தண்டில் சுற்ற வேண்டும். கழுத்தில் கோழியின் மெல்லிய இறகு, இரண்டே சுற்று. மூன்றாவது சுற்று விழுந்தால் கெட்டது. நீரில் அமிழ்ந்ததும் இறகு மடங்கி மடங்கி விரியும். உயிர் இருப்பதாக மீன் நம்பும். கட்டிய ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைப்பேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சாமை விதைப்பவர். என் வயதுதான். மார்கழியில் என் வாசலில் வந்து குந்திக்கொண்டு, நான் நூல் சுற்றுவதைப் பார்ப்பார்.

“இன்னா வாத்தியாரே, மீனுக்குக் குளிருதா? சொட்டரு போட்டு அனுப்புறீங்க.”

“போடத்தான் நூல் இல்ல.”

அவருடைய சாம்பல் நிற ஸ்வெட்டரின் கை ஓரம் பிரிந்து தொங்கியது. அதில் ஒரு முழம் உருவி, பல்லால் கடித்துக் கொடுத்தார். “இந்தாங்க. எனக்கு இன்னொரு கை இருக்குது.”

அந்த நூலில் ஒன்பது பூச்சிகள் கட்டினேன். இரண்டு ஓடைக் கற்களில் சிக்கி அறுந்தன. மீதி ஏழு.

மாசியில் புளி உலுக்க மரம் ஏறிய அவர், கிளை முறிந்து விழுந்தார். மாலைக்குள் உயிர் போய்விட்டது.

இறந்தவர் உடுத்திய துணிகளைக் காரியத்தன்று ஓடையில் விட்டுவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். ஒரு நூல் கரையில் தங்கினாலும் அதைத் தேடி அவர் வந்துகொண்டிருப்பார் என்பார்கள். காரியத்துக்கு முதல் நாள் அவர் மனைவி என்னிடம் வந்தார்.

“சார், அவரு உங்களுக்கு நூல் குடுத்தாராமே. இருந்தா குடுத்துடுங்க.”

டப்பாவிலிருந்து ஆறு பூச்சிகளை எடுத்துக் கொடுத்தேன்.

“இவ்ளோதானா சார்?”

“இவ்ளோதாம்மா.”

ஏழாவது என் சட்டைப் பையில் இருந்தது. நான் கட்டியவற்றில் ஒரு சுற்றும் பிசகாதது அது ஒன்றுதான். அதோடு, அவர் கடித்த நுனி அதில்தான் இருந்தது.

பங்குனியில் அந்த அம்மாள் தூக்கமில்லாமல் இளைத்துப்போனார். விடியுமுன் புருஷன் வந்து துணிக்கொடியைத் தடவுகிறார் என்றார். அண்ணனின் துணி எதையோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று கொழுந்தன் மேல் சந்தேகம். ஒருநாள் கொழுந்தனின் பெட்டியைத் தெருவில் கவிழ்த்தார்.

“தேடிக்கோ அண்ணி. என் கோவணத்தையும் அவுத்துப் பாத்துக்கோ,” என்றார் கொழுந்தன். தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் அவர் யாரிடமும் சொல்லாமல் கரும்பு வெட்டப் படவேட்டுக்கு இறங்கிப் போய்விட்டார்.

அந்த நாட்களில் எனக்கும் ஒன்று நேர்ந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒருவர் முட்டி மடக்கிக் குந்தும் ஓசை கேட்கும். ஈரக் கம்பளி வாடை வரும். நான் தலை தூக்கிப் பார்த்ததில்லை.

கொழுந்தன் போன நான்காம் நாள் பூச்சியை எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பூச்சியை வாங்கி, நகத்தால் நூலின் நுனியைக் கிளப்பி, சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். நூலும் இறகும் அவர் உள்ளங்கையில் கிடந்தன. வெறும் முள்ளை என்னிடம் நீட்டினார்.

“இன்னும் எத்தினி இருக்குது?”

“இதான்மா கடைசி.”

“அன்னிக்கும் இப்படித்தான சொன்னீங்க.”

நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். வாசிப்பவனும் நான்தானே.

நூலை அன்றே ஓடையில் விட்டார். தூக்கம் மட்டும் திரும்பவில்லை. நானே படவேட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டும் கொழுந்தன் மலையேற மறுத்துவிட்டார். எனக்கு மாற்றல் வரும்வரை, பதினான்கு மாதம், ஞாயிறுதோறும் அந்த அம்மாள் என் வாசலில் வந்து நின்றார். ஒன்றும் கேட்க மாட்டார். டப்பாவைத் திறந்து கவிழ்த்துக் காட்டுவேன். சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டுவேன். பார்த்துவிட்டுப் போவார்.