பைரோமீட்டருக்கு வைத்த பொட்டு

கருவி பொய் சொல்லாது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். எழுபதுகளில் விருத்தாசலத்துப் பீங்கான் ஆலை ஒன்றின் சோதனை அறையில் வேலை பார்த்தேன். அங்கிருந்த மேலாளர் இதைத் தினமும் ஒரு தரமாவது சொல்லுவார்.

அவர் சொன்ன கருவி, சூளையின் சூட்டை வெளியிலிருந்தே பார்க்கும் பைரோமீட்டர். தொலைநோக்கி மாதிரி ஒரு குழாய், உள்ளே சின்ன விளக்கிழை. சூளைத் துளை வழியே பார்த்தபடி குமிழைத் திருக வேண்டும். இழையின் வெளிச்சமும் நெருப்பின் வெளிச்சமும் ஒன்றாகி, இழை கண்ணுக்குத் தெரியாமல் போகிறபோது முள் காட்டுவதுதான் சூடு. கல்கத்தாவில் காலிப்ரேட் செய்து, முத்திரை ஒட்டி வந்தது. வந்த அன்றே சூளைக்காரருக்கு உத்தரவு போட்டார் மேலாளர். இனிமேல் மீட்டர் சொல்வதுதான் முடிவு. கண்ணால் பார்த்து நெருப்பை நிறுத்தக் கூடாது.

காலிப்ரேஷன் என்றால் என்ன? சூடு இன்னதென்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றோடு கருவியை ஒப்பிட்டு, எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது, எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது என்று பார்ப்பது. அவ்வளவுதான். அன்றைக்குக் கருவி இருந்த நிலைக்குத்தான் அது செல்லும். எங்கள் மேலாளருக்கோ அது கும்பாபிஷேகம். ஒரு தடவை செய்துவிட்டால் பன்னிரண்டு வருஷத்துக்குக் கவலையில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மீட்டரையும் படத்தின் முன்னால் வைத்தார்கள். "சூளையவே பாக்குற கண்ணாச்சே, அதுக்குப் பொட்டு இல்லாம எப்படி?" என்று சொல்லி, முன் கண்ணாடியின் நடுவிலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார் மேலாளர். பூஜை முடிந்து யாரோ எண்ணெய்த் துணியால் துடைத்தார்கள். பொட்டு போனது, மங்கல் போகவில்லை. கண்ணாடி மங்கினால் நெருப்பின் வெளிச்சம் குறைந்துதான் உள்ளே வரும். மீட்டர் சூட்டைக் குறைத்துக் காட்டும்.

சூளைக்காரர் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து ஆள். உத்தரவுப்படி, மீட்டர் ஏறுகிற வரைக்கும் கரி போட்டுக்கொண்டே இருந்தார். சூளையைத் திறந்தால் ஊறுகாய் ஜாடிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஒட்டி, உருக்குலைந்து கிடந்தன. சூட்டுக்குச் சாட்சியாக உள்ளே வைக்கும் மண் கூம்புகள் தலை வளைந்தால் சூடு போதும் என்று அர்த்தம். அவை உருகிப் படுத்தே விட்டிருந்தன.

"தூங்கியிருப்பான்," என்றார் மேலாளர். "மீட்டருக்கு முத்திரை இருக்குது. தப்பு மனுஷன் மேலதான்."

அன்றே சூளைக்காரரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். சொன்னதைச் செய்த மனுஷனுக்கு இந்தத் தண்டனை.

எனக்கு ஆறவில்லை. மீட்டரைத் தூக்கிவந்து சோதனை அறையின் சின்ன உலைக்கு நேராக வைத்தேன். உலைக்குள்ளேயே இருந்து சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி காட்டியதைவிட மீட்டர் ஐம்பது டிகிரி போலக் குறைத்துக் காட்டியது. மேலாளரைக் கூப்பிட்டு, அவர் கண்முன்னால் ஸ்பிரிட் பஞ்சால் கண்ணாடியைத் துடைத்தேன். பஞ்சில் மஞ்சளாகச் சந்தனம் வந்தது. மறுபடி பார்த்தோம். இரண்டும் ஒத்துப்போயின.

"சரியாயிடுச்சில்ல, விடும்மா," என்றார்.

"அந்த அண்ணன திரும்பக் கூப்புடணும் சார்."

"சாமி காரியத்தால ஜாடி கெட்டுதுன்னு மொதலாளிகிட்ட சொல்லச் சொல்றியா? வேற ஆளு போட்டாச்சு."

தப்பை ஒப்புக்கொள்வது அந்த மனுஷனுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. துடைத்ததும் மீட்டருக்கு மரியாதை திரும்பிவிட்டது. மனுஷனுக்குத் திரும்பவில்லை.

ஒரு வாரம் கழித்தும் சூளைக்காரர் ஆலை வாசல் டீக்கடையில் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார். ஏன் அண்ணே என்று கேட்டேன்.

"வூட்ல இன்னும் சொல்லலம்மா. காலையில சோத்தக் கட்டிக் குடுத்துடுது. பஸ்ஸு ஏறி வந்துடறேன். மீட்டரு சரியில்லன்னு தெரிஞ்சிடுச்சாமே, கூப்புடுவாங்க இல்ல?"

அவர் தூங்கவில்லை, மீட்டர்தான் தப்பு என்று மூன்று தரம் மேலாளரிடம் போய் நின்றேன். மூன்று தரமும் முத்திரையைத்தான் காட்டினார். பிறகு சூளைக்காரர் சேத்தியாத்தோப்பில் நெல் மூட்டை தூக்கப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் மேலாளரே பொட்டு வைத்தார். மீட்டரை எடுத்தார். முன் கண்ணாடியின் மேல் ஒரு காகிதத்தைச் சுற்றி மூடினார். அப்புறம் குழாயின் முதுகில், விரல் நழுவாமல், பொட்டளவு சந்தனம் வைத்தார்.

"இந்த வருஷம் கண்ணாடியில வைக்கலீங்களா சார்?" என்று கேட்டேன். கூடியிருந்த எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பொட்டலத்தை நீட்டி, "பொரி எடுத்துக்கம்மா," என்றார்.

நான் வாங்கவில்லை.