சவுரியம்மாள் தேர்ந்தெடுத்த மீன்கள்

திண்டிவனத்தில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் சவுரியம்மாள் ஆயா வேலை பார்த்தாள். காலை ஆறரைக்கு வந்தால் மதியம் இரண்டு மணிக்குத்தான் வீடு. வார்டைக் கழுவுவது, பெட்பேன் எடுப்பது, துணிகளை வெந்நீரில் அலசுவது எல்லாம் அவள் பாடு. முப்பது வயது இருக்கும். பேச்சு குறைவு. ஆனால் நோயாளி தண்ணீர் கேட்டு வாய் மூடுவதற்குள் டம்ளரோடு நிற்பாள்.

அவள் புருஷன் தேவசகாயம் கிணறு வெட்டுகிறவன். எண்பத்து மூன்றாம் வருஷம் மயிலம் பக்கத்தில் ஒரு கிணற்றில் இறங்கும்போது வடக்கயிறு அறுந்து பாறைமேல் விழுந்தான். முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போயிற்று. கல்யாணமாகி அப்போது மூன்று வருஷம். குழந்தை இல்லை. விழுந்ததிலிருந்து அவன் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருப்பான். "உம்", "வாணாம்" என்பதைத் தவிர அவன் வாயிலிருந்து வேறு வார்த்தை வருவது அபூர்வம். படுக்கைப்புண் வராமல் அவனை எப்படிப் புரட்டிப் போடுவது, எந்தெந்த இடத்தில் தோலைப் பார்ப்பது என்றெல்லாம் நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு வருஷம் அவன் உடம்பில் ஒரு சிவப்புத் தடிப்புகூட வராமல் அவள் பார்த்துக்கொண்டாள்.

எண்பத்தைந்தில் எனக்கு விழுப்புரத்தில் வேலை கிடைத்தது. வீட்டைக் காலி செய்ய சவுரியம்மாள் ஒத்தாசைக்கு வந்தாள். பரணில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி கிடந்தது. இரண்டு சாண் நீளம் இருக்கும். அதில் நான் விட்ட இரண்டு தங்கமீன்களும் ஒரு மாதத்துக்குள் செத்துப்போயிருந்தன. அவள் அதைத் துடைத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். இதில் என்ன மீன் உயிரோடு இருக்கும் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

"வூட்ல அவருக்குப் பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல சிஸ்டர். செவுத்தையே பாத்துக்கினு கெடக்கறாரு," என்றாள்.

தொட்டியை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

விழுப்புரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் கோதண்டபாணி, ரயில்வேயில் பார்சல் கிளார்க். கொல்லையில் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி மீன் வளர்த்தார். விற்பனைக்கு இல்லை; ஆசைக்குத்தான். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன், சவுரியம்மாளுக்கு ஒரு கார்டு போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பாசஞ்சர் ரயிலில், கையில் ஒரு தூக்குவாளியோடு வந்து நின்றாள்.

கோதண்டபாணி முதலில் தொட்டியின் அளவைக் கேட்டார். அந்த அளவுக்குத் தங்கமீன் கூடவே கூடாது, குட்டி போடுகிற சாதிதான் சரி என்றார். அதிலும் மோலி பெரிதாக வளரும், இடம் போதாது. வாள்வால் மீன் துள்ளி வெளியே விழுந்துவிடும். கப்பிதான் தோது. கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று கேட்டதற்கு, வாயில் வைக்க முடியாத உப்பு என்றாள். கப்பிக்கு அது ஒத்துக்கொள்ளும் என்று தலையாட்டினார்.

பிறகு, கலர் வால் விசிறுகிற ஆண் மீன்களைக் காட்டி, "நாலு ஆம்பளையா எடுத்துக்கினு போம்மா. பாக்க லட்சணமா இருக்கும். குட்டி போடாது, உனக்கும் தொல்லை இல்ல," என்றார்.

அவள் தொட்டி ஓரம் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். கடைசியில் சாம்பல் நிறமாக, வால் சின்னதாக இருந்த ஒரு மீனைக் காட்டினாள். அது பெட்டை, அழகில்லை என்றார் அவர்.

"வயிறு பெருசா இருக்குதே சார்."

"குட்டி போடப் போவுது. இன்னும் பத்து பன்னெண்டு நாளு."

"அப்ப அதான் வேணும். அங்க ஏதாச்சும் ஒண்ணு நடக்கணும் சார்."

ஒரு ஆண், இரண்டு பெட்டை என்று பிடித்துக் கொடுத்தார். குட்டி போட்டால் தாயே தின்றுவிடும், ஏரிப்பாசி நிறையப் போட்டுவை, குட்டிகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும் என்று சொல்லி அனுப்பினார். மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு அவள் ரயிலில் உட்கார்ந்திருந்தது எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது.

கட்டிலுக்குச் சமமாக ஒரு ஸ்டூல் போட்டுத் தொட்டியை வைத்தாள். முதல் நாள் தேவசகாயம் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது அவன் முகம் தொட்டிப் பக்கம் இருந்தது. நாலைந்து நாள் கழித்து, பாசி மறைக்கிறது, மீன் தெரியவில்லை என்றான். அத்தனை மாதத்தில் அவனாக ஒன்று கேட்டது அதுதான். அவள் சந்தோஷத்தில் பாசியை முழுக்க எடுத்து வாசல்படி ஓரம் ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுவைத்தாள். குட்டி போடுகிற சமயத்தில் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் பெட்டை மீன் குட்டி போட்டது. கண்ணும் வாலுமாகத் துணுக்குத் துணுக்காக விழுந்ததைத் தேவசகாயம் பார்த்தான். கூடவே பெரிய மீன்கள் மூன்றும் அவற்றைத் துரத்தித் துரத்தி விழுங்குவதையும் பார்த்தான். குரல் கொடுத்தான், தெருவில் யாருக்கும் கேட்கவில்லை. பாசிச் சட்டி பத்தடி தூரத்தில் இருந்தது. கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து தரையில் விழுந்து, காலை இழுத்துக்கொண்டு வாசல்படி வரைக்கும் போனான். பாசியைப் பல்லில் கவ்விக்கொண்டு அதேபோல் திரும்பி வந்தான். ஸ்டூலைப் பிடித்து எழும்பித் தொட்டிக்குள் போட்டான். திரும்பக் கட்டிலில் ஏற முடியவில்லை.

இரண்டு மணிக்குச் சவுரியம்மாள் கதவைத் திறந்தபோது அவன் தரையில் கிடந்தான். செத்துவிட்டான் என்றே நினைத்தாள்.

"சவுரி, ஒம்போது இருக்குது. நாலஞ்சு தபா எண்ணிட்டேன்," என்றான்.

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாளாம். அவன் சிரித்தானாம்.

அதன் பிறகு தினமும் தரையில் இறங்கி உட்கார்ந்தான். தண்ணீர் மாற்றினான். அவள் வேகவைத்துத் தந்த முட்டையின் மஞ்சள் கருவைப் பொடித்துக் குட்டிகளுக்குப் போட்டான். இரண்டு வாரம் கழித்து நான் போய்ப் பார்த்தேன். தொட்டியோரம் சம்மணம் போட்ட மாதிரி காலை மடக்கி வைத்து உட்கார்ந்து, எந்தக் குட்டி முரடு, எந்தக் குட்டி சோணி என்று எனக்குச் சொன்னான். சவுரியம்மாள் காப்பி கொண்டுவந்தாள். அவள் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. நானும் சந்தோஷமாகப் பேசிவிட்டு பஸ் ஏறினேன். நான் ஒரு நர்ஸ். திரும்பிப் படு, உன் முதுகைப் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை.

குட்டி போட்ட அன்று அந்தச் சொரசொரப்புச் சிமெண்டுத் தரையில் இழுத்துக்கொண்டு போனதில் அவன் பிட்டத்துத் தோல் உரிந்திருந்தது. வலி தெரியாத இடம். சவுரியம்மாள் பார்த்து ஊதா மருந்து போட்டாள். தரையில் உட்காராதே என்றும் சொன்னாள். அவன் கேட்கவில்லை, அவளுக்கும் அதட்ட மனசு வரவில்லை. அப்புறம் அவள் பார்க்க வந்தபோதெல்லாம் தானே கழுவிக்கொண்டதாகவும் ஆறிவிட்டதாகவும் சொல்லியிருக்கிறான். மீனிடமிருந்து பிரித்துப் படுக்கப் போட்டுவிடுவாள் என்ற பயம். குளிர்ஜுரம் வந்த அன்றுதான் அவள் அவனைப் புரட்டிப் பார்த்தாள். புண் எலும்பு வரைக்கும் போயிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினேழு நாள் இருந்தான். நினைவு இருக்கும்போதெல்லாம் தொட்டிக்கு யார் தண்ணீர் மாற்றுகிறார்கள் என்று கேட்டான். விஷம் ரத்தத்தில் கலந்து, தை மாதம் பிறந்த மூன்றாம் நாள் இறந்துபோனான்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் போனேன். மீன்கள் அப்படியே இருந்தன. குட்டிகள் வால் விரித்திருந்தன. சவுரியம்மாள் அவற்றைப் பார்க்காமல் பேசினாள்.

"அந்த சார் சொன்னாரு சிஸ்டர், ஆம்பளையா எடுத்துக்கினு போன்னு. நான்தான் கேக்கல."

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இரண்டு வருஷமாகப் பேசாத மனுசன் அந்த ஒரு மாதம் எவ்வளவு பேசினார் என்றேன்.

"பேசாமயே இருந்துட்டுப் போவட்டும். இருந்திருப்பாரு இல்ல," என்றாள்.

 அன்றைக்கு நான் வந்தபோது அவர் முதுகை நானும் பார்த்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அவள் தலையசைத்தாள். இல்லை என்று மறுக்கவில்லை. அது எனக்கு ஒரு வகையில் நிம்மதியாகவும் இருந்தது.

மீன்களை என்னிடமே கொடுத்தனுப்பினாள். கோதண்டபாணி வாங்கிக்கொண்டார். நடந்ததைக் கேட்டதும் அந்த மீன்களைத் தனித் தொட்டியில் விட்டார். அவளிடம் என்ன சொல்வது என்று என்னை இரண்டு முறை கேட்டார். கடைசி வரையில் அவளைப் போய்ப் பார்க்கவில்லை.

சவுரியம்மாள் அதே ஆஸ்பத்திரியில் இன்னும் மூன்று வருஷம் இருந்தாள். மறு கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்கள் பேசியதை மறுத்துவிட்டாள். வார்டு வேலை வேண்டாம் என்று கேட்டு, துணி வெளுக்கும் கொட்டகைக்கு மாறிக்கொண்டாள். எண்பத்தொன்பதில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பூமாலை என்ற தன் தங்கையோடு இருக்கலாம் என்று கண்டமங்கலத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். மல்லாட்டைக் கடலை பிடுங்குகிற காலம், ஆள் தேவைப்படுகிறது, கையோடு வேலையும் கிடைக்கும் என்றாள். தலை பாதி நரைத்திருந்தது. என் பழைய கால்வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். பாண்டிச்சேரி வண்டி வந்ததும் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "வர்றேன் சிஸ்டர்," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு ஏறினாள். உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள்.