நான் நின்ற எழுபத்து நான்காவது மீட்டர்

ஐந்தாம் வகுப்பு வரைதான் நான் படித்தேன். அந்த ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட வகுப்பில் கை தூக்கியதில்லை. பதில் தெரிந்திருந்தாலும் தூக்கமாட்டேன். டீச்சர் என் பக்கம் திரும்பினாலே தலையைக் குனிந்துகொள்வேன். பிறகு கோயமுத்தூரில் மில் வேலைக்குப் போனது எனக்குச் சௌகரியமாகிவிட்டது. நூல் சுற்றுகிற இடத்தில் மெஷின் போடுகிற சத்தத்துக்கு யாரும் யாரையும் பேசச் சொல்லமாட்டார்கள். ஓடுகிற இழைகளில் எது அறுகிறது என்று பார்த்து, பிடித்து, முடிச்சுப் போட வேண்டும். கண்ணுக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை.

அப்படிப்பட்ட நான் ஜெர்மனியில் ஒரு பனிமலைச் சரிவில், அத்தனை ஜனம் பார்க்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

என் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டர். நூற்பு மெஷின் செய்கிற ஜெர்மன் தொழிற்சாலைக்கு அவரை இரண்டு வருஷம் வேலை பழக அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். எழுபதுகளின் முதல் பாதி அது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம் போனால் வருகிற காட்டு மலைப் பக்கத்துச் சின்ன ஊர். ஒரு விதவை அம்மாவின் வீட்டில் மாடியில் இரண்டு அறை எங்களுக்கு. அந்த ஊர்க்காரர்கள் பேசியது ஜெர்மன்தான். எனக்கு அது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் காதில் ஏறியது, அப்படியே எழுதுகிறேன்.

சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர் மலை தெரியும். அதில் மரத்தால் உயரமாக ஒன்றைக் கட்டி, அந்தரத்தில் நிறுத்தியிருந்தார்கள். பார்த்தால் பாதியில் விட்ட பாலம் மாதிரி இருந்தது.

"ஏனுங்க, ஏன் கட்டாம நிறுத்திட்டாங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"அது பாலமில்ல அம்மிணி. கால்ல நீளப் பலகையக் கட்டிக்கிட்டு அதுமேல சறுக்கி வந்து குதிக்கிறாங்களாம்."

"எதுக்குங்க?"

"யாரு தூரமாப் போய் இறங்கறாங்கன்னு பாக்கத்தான்."

"விழுந்துட்டா?"

"விழக் கூடாது. நிக்கோணும்."

வேலையற்ற ஜனம் என்று நினைத்தேன். ஆனால் நாங்கள் இருந்த வீட்டிலேயே அப்படிக் குதிக்கிற ஒருவன் இருந்தான். வீட்டுக்காரம்மாவின் மகன், இருபத்திரண்டு வயசு, தச்சு வேலை. அந்தக் குளிர்காலம்தான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு. பிப்ரவரியில் அந்த ஊர் மலையில் வெளிநாட்டுக்காரர்களும் வந்து குதிக்கிற போட்டி இருந்தது. அதில் முதல் பத்துப் பேருக்குள் வந்தால், அடுத்த வருஷம் நாட்டு அணியோடு ஊர் ஊராகப் போகலாம். வராவிட்டால் பலகைகளைப் பரணில் போட்டுவிட்டு முழு நேரமும் பட்டறையில் இருந்துவிடுவதாகத் தன் முதலாளிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். வீட்டில் மூன்று மாதமும் இதே பேச்சுத்தான்.

எனக்கோ ரொட்டி வாங்குவதே பெரும் போட்டியாக இருந்தது. காலையில் ரொட்டிக்கடையில் போய் நிற்பேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் பெரிய உடம்பும் வெள்ளை மீசையுமாக, "அடுத்தது யாரு?" என்று சத்தமாகக் கேட்பார். நான் தரையைப் பார்ப்பேன். விரலால் காட்டி வாங்கினால் உண்டு, சில நாள் வெறும் பையோடு திரும்பி வந்து மைதா மாவைக் கரைத்துத் தோசை ஊற்றிவிடுவேன். என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் கடை லீவாக்கும்?" என்பார்.

பனி விழுந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் குதித்துப் பழகுவார்கள். வீட்டுக்காரம்மா என்னையும் கூட்டிப் போவார். ஆனால் மகன் மேலே வந்து நின்றதும் அந்த அம்மா மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எங்க? எங்க இறங்கினான்?" என்று கேட்பார். சரிவின் ஓரத்தில் மீட்டருக்கு ஒன்றாக நம்பர் எழுதிய பலகைகள் நட்டிருந்தார்கள். நான் பார்த்து அவர் காதில் சொல்வேன். ஜெர்மனில் எழுபது, எண்பது எல்லாம் நான் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

ஒரு நாள் அளக்கிறவர்கள் அறுபத்தாறு என்றார்கள். வீட்டுக்காரம்மா திரும்பி, "மாடி வீட்டுப் பொண்ணு அறுபத்தேழுங்கறா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அளக்கிறவர்களுக்குத் தலைவர் எங்கள் தபால்காரர். அவர் சரிவில் ஏறிப்போய், பனியில் கால் பட்ட தடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். அறுபத்தேழு என்று எழுதச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்துக் கடிதம் கொடுக்க வந்தவர் போகாமல் நின்றார். "அளக்கற ஆள்ல ஒருத்தரு வாசப்படியில வழுக்கிக் கால ஒடிச்சிக்கிட்டாரு. நீங்க வந்து நிக்கோணும்" என்றார்.

"முடியாதுங்க."

"பேசவே வேண்டாம். கையத் தூக்கினாப் போதும்."

பேசுவதாக இருந்தால்கூடப் பரவாயில்லையே என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "வாயத் தொறக்காத வேலை ஒண்ணு இந்த ஊர்ல இருக்குதுன்னா, அது உனக்குன்னே வெச்சிருக்காங்க அம்மிணி. போ" என்றார்.

வேலை இவ்வளவுதான். அளக்கிற ஒவ்வொருவருக்கும் மூன்று நம்பர் பலகை. குதிக்கிறவன் இறங்கும்போது ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் வைப்பான். இரண்டு காலையும் பார்த்து, அவற்றின் நடு எந்தப் பலகைக்கு நேரே வருகிறதோ, அந்தப் பலகைக்காரர் கையைத் தூக்க வேண்டும்.

வீட்டில் பழகினோம். என் வீட்டுக்காரர் கட்டிலின் மேல் ஏறி, இரண்டு கையையும் பின்னால் நீட்டிக்கொண்டு தொப்பென்று குதிப்பார். நான் கையைத் தூக்குவேன். "இது கையா? காக்காய்க்குச் சோறு வைக்கற மாதிரி இருக்குது. இன்னும் மேல" என்பார். பத்துத் தடவை குதித்திருப்பார். கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் இடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு வீட்டுக்காரம்மாவே மேலே வந்துவிட்டார். கதவைத் திறந்தால், ஒரு மில் ஃபிட்டர் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் பறவை மாதிரி நிற்கிறார். அந்த அம்மா படிக்கட்டிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவன் சிரிக்கவில்லை. கிட்ட வந்து என் வீட்டுக்காரரின் முழங்காலைத் தொட்டு, "இங்க இன்னும் கொஞ்சம் மடக்குங்க" என்று பாடம் சொல்லிக் கொடுத்தான்.

நான் முதலில் நின்றது ஜனவரிக் கடைசியில், உள்ளூர்ப் போட்டியில். அந்தப் போட்டியிலேயே சங்கடம் வந்தது. வீட்டுக்காரம்மாவின் மகன் குதித்தான். எழுபத்தொன்று வந்திருந்தால் அவன்தான் முதல். எனக்கு எழுபதுதான் தெரிந்தது. எழுபதில் கையைத் தூக்கினேன். ஜனம் "ஓ" என்று இழுத்தது. அவன் இரண்டாவதாக வந்தான்.

வீட்டுக்காரம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கீழே பாத்திரம் வைக்கிற சத்தமே வேறாக இருந்தது. நான் படியில் இறங்கவே பயந்தேன். மூன்றாம் நாள் மகன் படியில் எதிரே வந்தான். "எழுபதுதாங்க. என் காலுக்கே தெரியும். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றான். அன்று மாலை ஒரு தட்டு ஆப்பிள் கேக் மேலே வந்தது. அந்த அம்மா அதை மேசையில் வைத்துவிட்டு, "சாப்பிடு. ஆனா அடுத்த தடவ கண்ண நல்லாத் தொடச்சிக்கிட்டுப் பாரு" என்றார்.

பிப்ரவரிப் போட்டிக்கு ஊரே மாறிப்போனது. கடைத்தெரு முழுக்கக் கொடிகள். நார்வே, பின்லாந்து, ஜப்பான் என்று பையன்கள் பலகைகளைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தார்கள். அன்று எனக்கு எழுபத்து நான்கிலிருந்து எழுபத்தாறு வரை மூன்று பலகை. எனக்கு மேலே, எழுபத்து மூன்று வரைக்கும் ரொட்டிக்கடைக்காரர். அவர் இருபது வருஷமாக அளக்கிறவர். ஜப்பான்காரப் பையன் ஒருவன் மேலே ஏறிப் போகிறபோது ஒவ்வொருவருக்கும் குனிந்து வணக்கம் சொன்னான். நான் கை கூப்பினேன். அவனும் நின்று கை கூப்பிவிட்டுப் போனான்.

"உங்க ஊர்ப் பையனா?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"இல்லீங்க. எங்க ஊர்ல பனியே கெடையாதுங்க" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

முதல் சுற்று முடிந்தபோது எங்கள் பையன் பதினோராவது இடத்தில் இருந்தான். இரண்டாவது சுற்றில் அவன் முறை கிட்டத்தட்டக் கடைசியாக வந்தது. எழுபத்து நான்கு மீட்டர் வந்தால் பத்துக்குள் நுழைவான், ஒரு மீட்டர் குறைந்தாலும் இல்லை என்று பயிற்சியாளர் கணக்குச் சொல்லிவிட்டார். ஜனத்தைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா மலைக்கு முதுகு காட்டி நிற்பது எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். தோளைக் கொடுத்திருந்தது இந்தத் தடவை அவர்.

அவன் வந்தான். மேலே பலகை மரத்தில் உரசுகிற சத்தம், அப்புறம் சத்தமே இல்லை. காற்றில் முன்னால் சாய்ந்து, மூக்கு பலகை நுனியைத் தொடுகிற மாதிரி வந்தான். அந்தச் சமயம் பார்த்துக் காற்று பனித்தூளை வாரி அடித்தது. நான் கண்ணைச் சிமிட்டவில்லை. பின்னங்கால் ரொட்டிக்கடைக்காரரின் கடைசிப் பலகையைக் கொஞ்சம் தாண்டி. முன்னங்கால் என்னைத் தாண்டிக் கீழே. நடு, எனக்கு நேரே.

கையைத் தூக்கினேன். பக்கத்தில் பார்த்தால் ரொட்டிக்கடைக்காரரும் கையைத் தூக்கியிருந்தார்.

ஒரு குதிப்புக்கு இரண்டு கை. ரொட்டிக்கடைக்காரர் என் பக்கம் குனிந்து, "கையக் கீழ போடுங்க. நீங்க யாரு வீட்டுல இருக்கறீங்கன்னு ஊருக்கே தெரியும்" என்றார்.

என் கை தானாகவே தோள் வரைக்கும் இறங்கிவிட்டது. பொய் சொன்னவளாக நிற்பதைவிட, தெரியாதவளாக நிற்பது எனக்கு எத்தனையோ சுலபம். அதைத்தான் சின்ன வயசிலிருந்து செய்துகொண்டிருந்தேன். ஆனால் இழை அறுந்ததைப் பார்த்த பிறகு அறுந்துபோகவில்லை என்று எப்படி விடுவது? அவன் கால் பட்டது பட்டதுதானே. கையை மறுபடியும் தூக்கினேன். இந்த முறை முழங்கை மடங்காமல், நேராக.

தபால்காரர் காலில் கட்டிய சறுக்குப் பலகையைக் குறுக்கே வைத்து வைத்துச் சரிவில் இறங்கி வந்தார். அதற்குள் பனி தடத்தை மூடிவிட்டிருந்தது. ரொட்டிக்கடைக்காரரிடம், "பின்னங்கால் எங்க?" என்றார்.

"என் பலகையத் தாண்டி அரையடி. நல்லாப் பாத்தேன்."

"முன்னங்கால்?"

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "பனி கண்ணுல அடிச்சிருச்சு. முன்னங்கால நான் பாக்கலை" என்றார்.

தபால்காரர் என்னிடம் திரும்பினார். எனக்கு ஜெர்மன் அத்தனையும் மறந்துபோனது. சரிவில் இறங்கி, என் பின்னங்காலை அவன் பின்னங்கால் பட்ட இடத்திலும், முன்னங்காலை அவன் முன்னங்கால் பட்ட இடத்திலும் வைத்துக் காட்டினேன். புடவைக்கு மேல் போட்டிருந்த கோட்டு தடுக்கி, விழப் பார்த்தேன். ஆனாலும் நின்றுவிட்டேன். தபால்காரர் நடுவைப் பார்த்தார்.

"போன மாசம் இதே பையனுக்கு ஒரு மீட்டர் கம்மின்னு சொன்னது இந்தம்மாதான். அவன் அம்மா வீட்டுல இருந்துக்கிட்டே சொன்னாங்க. இப்ப எழுபத்து நாலுங்கறாங்க. எழுதிக்கலாமா?"

ரொட்டிக்கடைக்காரர் தன் கையைக் கீழே போட்டார். "எழுதுங்க" என்றார்.

ஒலிபெருக்கியில் எழுபத்து நான்கு என்று கேட்டதுதான் தாமதம், மலையே கத்தியது. வீட்டுக்காரம்மா இன்னும் திரும்பாமல், "எங்க? எங்க?" என்று கேட்டாராம். சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு அந்தப் பரபரப்பில் ஜெர்மன் வரவில்லை. அந்த அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பி, என் பக்கம் காட்டினார். நான் மறுபடியும் என் இடத்தில் நின்று கையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். இறக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

பையன் பத்தாவதாக வந்தான். முதலில் வந்தது யார் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் அந்த வீட்டில் அவனை உட்கார வைத்து எல்லாரும் பாடினார்கள். என் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து குதிக்கிற வித்தையை, கேட்டவர்களுக்கெல்லாம் நாற்காலிமேல் ஏறிக் குதித்துக் காட்டினார்.

மறுநாள் காலையில் ரொட்டிக்கடைக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கடைக்காரர் மாவுக் கையோடு, "அடுத்தது யாரு?" என்றார்.

நான் கையைத் தூக்கினேன். மலையில் தூக்கின மாதிரி, தலைக்கு மேலே நேராக. கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் பெரிய உடம்பை மேசைமேல் சாய்த்து, எட்டி என் காலைப் பார்த்தார். ஒரு கால், அப்புறம் இன்னொரு கால்.

"ரெண்டையும் பாத்துட்டேன். இவங்கதான் அடுத்தது" என்றார்.

கறுப்பு ரொட்டி ஒன்று வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டேன். வீட்டில் மேசைமேல் ரொட்டியைப் பார்த்த என் வீட்டுக்காரர், "இன்னிக்குக் கடை தொறந்துட்டாங்களாக்கும்" என்றார்.