பக்கத்துக் கட்டிலுக்கும் ஓர் ஊசி

ஊசி போட வந்த தாதி பஞ்சை நனைத்து மொசியூவின் புயத்தைத் துடைத்தும் விட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் சட்டைக் கையை மெதுவாகக் கீழே இறக்கினார். இறக்கி, மணிக்கட்டுப் பொத்தானையும் பூட்டிக்கொண்டார். பிறகு பக்கத்துக் கட்டிலைக் கண்ணால் காட்டி, "அவருக்கு எங்கே?" என்று பிரெஞ்சில் கேட்டார். தாதி தன் தட்டைப் பார்த்தாள். எங்கள் தலைமைத் தாதி கதவடியில் நின்று என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே, வில்லரேப் பகுதியின் செங்கல் வீடுகளுக்கு மேலே பெய்துகொண்டிருந்த அந்த வருடத்தின் முதல் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மொன்றியலுக்கு வந்து அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலத்தில், அந்தத் தனியார் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது, நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவது. இல்லத்தில் இருந்த ஆண்கள் எல்லோரையும் மொசியூ என்றுதான் அழைப்போம். ஆனால் பெயர் எதுவும் சேர்க்காமல் 'மொசியூ' என்று மட்டும் சொன்னால் அது இவர்தான். இந்த நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெருத்த உடம்பு, குரலும் பெரியது, ஆனால் சுவாசப்பை மட்டும் சிகரெட்டில் பழுதாகியிருந்தது. சக்கர நாற்காலியில் அவரைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு அறை வாசலிலும் பஸ் தரிப்பிடம்போல அறிவித்துக்கொண்டு வருவார். "அடுத்த தரிப்பு, சாப்பாட்டு மண்டபம். இறங்குபவர்கள் பல்செற்றைச் சரிபார்த்துக்கொள்ளவும்." கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தாலும் யாராவது ஒருவர் தினமும் சிரிப்பார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் மன்னாரைச் சேர்ந்த சம்மாட்டியார். சொந்தமாகப் படகுகள் வைத்து ஆட்களைக் கடலுக்கு அனுப்பிய மனிதர். பேத்தி தேவாலயத்தில் முதல்நன்மை எடுக்கும் சடங்குக்காக மகள் கூப்பிட்டு விசாவில் வந்தவர், வந்த கையோடு ஊரில் சண்டை மறுபடி தொடங்கியதால் திரும்பிப் போக வழியில்லாமல் போயிற்று. இங்கேயே தங்க அனுமதி கேட்டு மகள் விண்ணப்பித்திருந்தாள். அதற்கிடையில் ஒரு நாள், தெருமுனை டெபனர் கடைக்குப் பால் வாங்கப் போனவர் ஐஸில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பயணக் காப்புறுதி சத்திரசிகிச்சைச் செலவைக் கொடுத்தது. ஆனால் மகளின் வீடு பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில். வெளிப்புறமாக வளைந்து ஏறும் இரும்புப் படிகளில் ஏறுவது எங்களுக்கே கஷ்டம். அவரால் அங்கே போக முடியவில்லை. மகளும் மருமகனும் டவுன்டவுன் உணவகச் சமையலறைகளில் மாறி மாறி வேலை செய்துதான் அவரை எங்கள் இல்லத்தில் வைத்திருந்தார்கள்.

மொசியூவுக்குத் தமிழ் தெரியாது. சம்மாட்டியாருக்கு "பொன்ஜூர்", "மெர்சி" தவிர வேறு பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் நான் பார்த்த நட்புகளில் அதைவிடச் சத்தமானது வேறில்லை. சீட்டுக்கட்டை எடுத்து, தாங்களே உண்டாக்கிக்கொண்ட ஏதோ ஒரு கடுதாசி விளையாட்டை விளையாடுவார்கள். விதிகள் எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஒருவர் களவு விளையாடுவதாக மற்றவர் தன் மொழியில் ஏசுவார், அவர் தன் மொழியில் மறுப்பார். காலையில் எழுந்ததும் சம்மாட்டியார் எதிர்ப் பள்ளிக்கூடத்தின் கொடியைப் பார்த்து, "இண்டைக்கு வாடை" என்றோ "சோளகம் திரும்பீற்றுது" என்றோ சொல்லுவார். வாடை வடக்குக் காற்று, சோளகம் தெற்குக் காற்று. மொசியூ உடனே வானொலியைப் போட்டு வானிலைச் செய்தி கேட்பார். காற்றின் திசை ஒத்துப்போனால் பெருவிரலை உயர்த்திக் காட்டுவார். அவர் 'வாடை' என்ற சொல்லைப் பழகிக்கொண்டு, குளிரான நாட்களில் தலைமைத் தாதியிடம் "மேடம், வாடை!" என்று சொல்ல, அவள் அது ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்து என்னிடம் விசாரித்திருக்கிறாள்.

இலையுதிர் காலத்தில் சளிக்காய்ச்சல் தடுப்பூசி வரும். அந்த நாளுக்கு முன்பே தலைமைத் தாதி அலுவலக லாச்சியைத் திறந்து, அங்கே பத்திரப்படுத்தியிருந்த அரசாங்க மருத்துவக் காப்புறுதி அட்டைகளை எல்லாம் எடுத்துவைப்பாள். கியூபெக்கில் வாழ்பவர்களுக்குச் சூரியன் படம் போட்ட அந்த அட்டை ஒன்றே போதும், ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும். சம்மாட்டியாருக்கு அந்த அட்டை இல்லை. பயணக் காப்புறுதியின் காலமும் முடியும் தறுவாயில் இருந்தது. மகள் அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி அடித்துக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். "வருத்தம் வந்தாச் சொல்லுங்கோ எண்டினம். வராமப் பாக்கிறதுக்கு அவையிட்டைக் காப்புறுதி இல்லையாம்." தன் ஓய்வு நாளில் எப்படியாவது ஒரு தனியார் வைத்தியரிடம் கொண்டுபோவதாகச் சொன்னாள். பனிக்காலத்தில், ஊன்றுகோலில் நாலு அடி வைக்கவே திணறும் மனிதரை எப்படிக் கொண்டுபோவது என்று இருவருக்கும் தெரியவில்லை. இல்லத்துக்கு வரும் ஊசி அட்டை உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று நாங்கள் எல்லோருமே நம்பியிருந்தோம். யார் அப்படிச் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது. எத்தனை அட்டையோ அத்தனை ஊசி என்று வருடாவருடம் நடந்துவந்தது.

அதனால்தான் அன்று தாதியின் தட்டில் மொசியூவுக்கு ஒன்று இருந்தது, பக்கத்துக் கட்டிலுக்கு இல்லை.

தலைமைத் தாதி பொறுமையாக விளக்கினாள். அவள் ஹெயிட்டியில் பிறந்தவள், நோயாளிகளைக் கடிந்து பேச மாட்டாள். "அவருடைய காப்புறுதி வேறு வகை, மொசியூ. நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சுவாசப்பைக்கு இது அவசியம் என்று உங்களுக்கே தெரியும்."

மொசியூ அமைதியாகத்தான் தொடங்கினார். "போன மாரிக் குளிரில் அந்தக் கட்டிலில் இருந்தவனை நினைவிருக்கிறதா, மேடம்? அவன் இருமியதை நான் இங்கே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சத்தம் நின்றுபோயிற்று. மறுபடியும் அப்படிக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க என்னால் முடியாது." பிறகு குரல் உயர்ந்தது. "நான் இந்த ஊரில் பஸ் ஓட்டியவன். பனிப்புயலில் ஒருவன் தரிப்பிடத்தில் நின்றால் முதலில் கதவைத் திறப்பேன். டிக்கெட்டைப் பிறகுதான் கேட்பேன். அவருக்குப் போடுங்கள், அடுத்த நிமிடமே என் கை தயார்."

நடப்பது என்ன என்று சம்மாட்டியார் என்னைக் கேட்டார். சொல்லாமல் தப்ப முடியவில்லை. சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினார்.

"பிள்ளை, எனக்கு உந்த ஊசி ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லு. உப்புக்காத்துக் குடிச்ச உடம்பு. அந்த மனுசனைப் போடச் சொல்லு."

சொன்னேன். மொசியூ முடியாது என்று தலையை ஆட்டினார். "அவருக்கு இதில் அபிப்பிராயம் சொல்ல உரிமையில்லை. இது என் கை."

"என்னவாம்?"

"மாட்டாராம், ஐயா."

"விசரன்!" என்று கத்திவிட்டுச் சம்மாட்டியார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று பின்னேரம் அவர்கள் கடுதாசி விளையாடவில்லை.

அடுத்த சில நாட்கள் நல்ல நாட்களாக இருக்கவில்லை. கீழ்மாடியில் ஒரு அம்மாவுக்கு இருமல் தொடங்கியது, பிறகு இன்னொருவருக்கு. மொசியூவின் மகன் தொலைபேசியில் தலைமைத் தாதியைச் சத்தம் போட்டான். பிறகு நேரிலேயே வந்து தகப்பனிடம் கெஞ்சினான். மொசியூ அவனுக்குச் சம்மாட்டியாரை அறிமுகம் செய்துவைத்து, கடுதாசி விளையாட்டைச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டார். சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும்போது தரிப்பிட அறிவிப்புகள் வழக்கம்போல வந்தன. ஆனால் மூச்சு வாங்கியது. ஒவ்வொரு முறை அவர் செருமும்போதும் சம்மாட்டியார் விளையாட்டைப் பாதியில் விட்டு நிமிர்ந்து பார்ப்பதை நான் கண்டேன். பிரெஞ்சு தெரியாத அந்த மனிதர் ஜெபமாலையைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கையிலேயே சுற்றி வைத்திருக்கத் தொடங்கினார்.

தலைமைத் தாதிதான் கடைசியில் பகுதிச் சுகாதார நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். அட்டை இல்லாத ஒருவருக்கு ஏதாவது விதிவிலக்கு உண்டா என்று கேட்கத்தான் எடுத்தாள். நான் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவள் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டே கேட்டாள். "இல்லை, நாங்கள் கேட்டதே இல்லை" என்று ஒரு தடவை சொன்னாள். தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பில் வெட்கமும் இருந்தது. "விதிவிலக்கே தேவையில்லையாம். இந்தக் கூரைக்குக் கீழே தூங்குகிற எல்லோருக்கும்தானாம். அட்டை இலக்கம் அவர்களுடைய பதிவுக்கு மட்டும்தானாம். இத்தனை வருடமாக இல்லாத சுவர் ஒன்றைச் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறோம்."

"அப்ப எங்களுக்கு?" என்று கேட்டேன். தமிழில் கேட்டுவிட்டேன். பிறகு பிரெஞ்சில் திருப்பிக் கேட்டேன். என்னிடம் இருந்ததும் புகைப்படம் ஒட்டிய ஒரு தாள்தான். அகதிக் கோரிக்கையாளருக்கு மத்திய அரசு கொடுக்கும் அவசர மருத்துவ உதவித் தாள். அதைக் காட்டி ஊசி கேட்கலாம் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. அவள் மறுபடி தொலைபேசியை எடுத்தாள்.

இல்லத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் உண்டு என்று பதில் வந்தது. ஊசி போடும் தாதி மறுமுறை வந்தபோது, சமையலறையில் பாத்திரம் கழுவுகிற பெண்களும் சலவைக்கார அண்ணையும் நானும் வரிசையில் நின்றோம். ஆனால் முதலில் அந்த அறைக்குத்தான் போகவேண்டும் என்று தலைமைத் தாதி சொல்லிவிட்டாள். அங்கே புதுப் பிரச்சினை ஒன்று காத்திருந்தது. மொசியூ பக்கத்துக் கட்டிலைக் காட்டினார், முதலில் அவருக்கு என்று. சம்மாட்டியார் மொசியூவைக் காட்டினார்.

"மூச்சு முட்டுறது அவருக்குத்தானே பிள்ளை. முதல் அங்கை குத்தச் சொல்லு."

"நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவருக்குப் பிறகுதான்."

தாதி ஊசியும் கையுமாக நடுவில் நின்றாள். கடைசியில் சம்மாட்டியார் தோற்றுப்போனார். கையை நீட்டிக்கொண்டு, மொசியூ ஏமாற்றிவிடக்கூடாது என்பதுபோல அவரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் முறை வந்தபோது மொசியூ, அந்தப் பெரிய மனிதர், முகத்தை மறுபக்கம் திருப்பிக் கண்ணை இறுக மூடினார். அவருக்கு ஊசி என்றால் பயம் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. சம்மாட்டியாருக்கு அது தாங்கமுடியாத சந்தோசத்தைக் கொடுத்தது. வாரக்கணக்கில் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மாரியிலும் சளிக்காய்ச்சல் வந்தது. கீழ்மாடியைச் சில காலம் மூடி வைத்தார்கள். எங்கள் மாடிக்கும் எட்டிப்பார்த்தது. சம்மாட்டியாருக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது, பயந்தோம், இறங்கிவிட்டது. மொசியூவுக்கு ஒன்றும் வரவில்லை. ஊசிதான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல நான் யார். ஆனால் முந்திய வருடம் காலியானதுபோல எங்கள் மாடியில் கட்டில்கள் காலியாகவில்லை. வேலை செய்த நாங்களும் இருமிக்கொண்டு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகவில்லை.

இப்போது நான் ஒரு பொதுச் சுகாதார நிலையத்தில் தாதியாக வேலை செய்கிறேன். அந்த இல்லத்துக் கட்டடத்தில் வேறு குடியிருப்பு வந்துவிட்டது. சம்மாட்டியாருக்குத் தங்க அனுமதியும் அட்டையும் கிடைத்தன. சில வருடங்கள் கழித்து மொசியூ முன்னும் அவர் பின்னுமாகப் போய்ச் சேர்ந்தார்கள். எந்தக் காப்புறுதி, எந்த விசா, எந்த எழுத்தில் தொடங்கும் இலக்கம் என்று கேட்கிற வேலை எனக்கும் இருக்கிறது. பதிவு வேண்டும், அதில் பிழையில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதவர்கள் தாமாகவே திரும்பி நடக்கத் தொடங்குவதைப் பார்க்கிறேன். ஒருவரும் அவர்களைப் போகச் சொல்வதில்லை. நானும் ஒரு காலத்தில் கேட்காமலே இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு இருந்தவள்தான். அதனால் எழுந்துபோய்க் கூப்பிடுகிறேன்.

அந்த இரண்டு பேரையும் நினைத்தால் எனக்கு முதலில் வருவது மாரி அல்ல, அதற்கு அடுத்து வந்த வசந்தகாலம். பனி கரைந்ததும் சம்மாட்டியாரின் மகளும் நானும் இரண்டு சக்கர நாற்காலிகளையும் தள்ளிக்கொண்டு ஜான்-டலோன் சந்தைக்குப் போனோம். மீன்கடை முன்னால் சம்மாட்டியார் நாற்காலியை நிறுத்தச் சொன்னார். ஒரு மீனை எடுப்பார், செவுளைத் தூக்கிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்கி வைத்துவிடுவார். கடைக்காரன் பொறுமையிழந்து ஏதோ சொல்ல வாயெடுத்தபோது மொசியூ பஸ் ஓட்டும் குரலில் அதட்டினார். "அவர் தேடட்டும், விடு!" எங்கள் ஊர்க் கும்பளாவைப்போல முதுகில் வரி ஓடிய மீன்களைத் தெரிந்தெடுத்து முடிக்கும்வரை கடைக்காரன் வாயே திறக்கவில்லை.

மகள் அன்று பின்னேரமே குழம்பு வைத்துக்கொண்டு வந்தாள். உறைப்பைக் குறைத்துத்தான் வைத்ததாகச் சொன்னாள். மொசியூ முதல் கரண்டியிலேயே நின்றுபோனார். முகம் சிவந்தது, மூக்கு ஓடியது, கண்ணிலிருந்து நீர் வழிந்தது, நெற்றி முழுக்க வியர்வை. அந்த நேரம் பார்த்துத் தலைமைத் தாதி எட்டிப்பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போயிற்று. ஒன்றும் கேட்காமல் ஓடிப்போய்க் காய்ச்சல் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து மொசியூவின் வாய்க்கு நேரே நீட்டினாள். அவர் அதைத் தள்ளிவிட்டு, அடுத்த கரண்டியை வாயில் வைத்துக்கொண்டார்.

சம்மாட்டியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இடுப்பு நோகிறது என்று கத்திக்கொண்டே சிரித்தார்.

"பிள்ளை, மேடத்துக்குச் சொல்லு, அது காய்ச்சல் இல்லை, உறைப்பு. அவவுக்கும் ஒரு கோப்பை எடு."