தட்டில் போன ஹேசல்நட்

மிளகாய்த் தோட்டத்தில் தண்ணீர் இறைப்பு நடந்துகொண்டிருந்தது. இடது தோளில் தொடங்கிய நோ தாடை வரை ஏறியது. வாய்வுக் குத்து என்று நினைத்து, வீட்டுக்கு வந்து வேர்க்கொம்பு (சுக்கு) தட்டிப்போட்டு மல்லித்தண்ணி குடித்தேன். வியர்த்துக் கொட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்தான் மாரடைப்பு என்றிருந்தேன். உங்களுக்கு அப்படி ஒரு நோ வந்தால் மல்லியைத் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என் கணவர் ஓட்டோ பிடித்துக் கோப்பாயிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார். அடைபட்ட இரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் (குழாய் மறுபடி மூடாமல் தாங்கி நிற்கும் சின்னக் கம்பிவலை) வைத்தார்கள். பிழைத்தேன். ஆனால் கொலஸ்ட்ரோல் (இரத்தத்திலுள்ள கொழுப்பு) கூடுதலாக இருந்தது. இன்னொரு குழாயிலும் படிவு தொடங்கிவிட்டது, சாப்பாட்டையும் குளிசையையும் (மாத்திரை) கவனிக்காவிட்டால் திரும்பவும் வரலாம் என்றார் டாக்டர், வயது குறைந்த ஒரு பெண். எனக்குப் பயமாக இருந்தது. என்னைவிட என் கணவர் பயந்தார்.

பொரியலைக் குறைத்து, உப்பில்லாத கொட்டை வகை ஏதாவது தினமும் ஒரு சின்னப் பிடி சாப்பிடச் சொன்னார் டாக்டர். கொட்டை ஒத்துவராதவர்களும் சிறுநீரக வருத்தமுள்ளவர்களும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு அந்தத் தடை இல்லை. ஜேர்மனியிலிருக்கும் என் தங்கச்சி இதைக் கேட்டதும், கோயில் திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் ஒரு பெரிய பை ஹேசல்நட் கொட்டை கொடுத்துவிட்டாள். அதில் நல்ல கொழுப்பும் விற்றமின் ஈயும் நார்ச்சத்தும் உண்டு, கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும் என்று போனில் பாடமே எடுத்தாள். அந்தப் பெயர் என் கணவருக்கு வாயில் வரவில்லை. ஜேர்மன் கச்சான் (கச்சான் என்றால் நிலக்கடலை) என்று தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் வருத்தக்காரரைப் பார்க்க வராத சனமில்லை. ஆரஞ்சோடும் பிஸ்கற்றோடும் வருவார்கள். அவர்களை வெறும் தேத்தண்ணியோடு அனுப்ப ஏலாது. வெளிநாட்டுச் சாமான் வீட்டிலிருந்தால் அதுதான் தட்டில் போகும். நானும் வைத்தேன். படுக்கையிலிருந்து எழும்பி வந்து வைத்தேன். நல்ல ருசி என்றார்கள், எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

இவர் காலையில் பையைத் தூக்கிப் பார்ப்பார். குறைந்திருக்கும். முகம் தெளியும். அக்கா ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று தங்கச்சிக்கும் சொல்லியிருக்கிறார்.

கிளினிக்கில் பார்த்தபோது கொழுப்பு நினைத்த அளவுக்கு இறங்கியிருக்கவில்லை. கொட்டை சாப்பிடுகிறேனா என்று டாக்டர் கேட்க, எனக்கு முன்னால் இவரே பெருமையாக ஓம், சாப்பிடுகிறாள் என்றார், பையே முடிந்துவிட்டது என்றார். எனக்குப் பொய் வரவில்லை.

"வாற ஆக்களுக்குத்தான் வைச்சனான். நான் ஒண்டும் வாயிலை போடேல்லை."

டாக்டர் குளிசையின் அளவைக் கூட்டினார். கொட்டை குளிசைக்குப் பதிலாகாது, குளிசையோடு சேர்த்துத்தான் என்றார். ஹேசல்நட் இல்லாவிட்டால் உப்பில்லாத கச்சானும் நல்லதுதானாம்.

பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது இவர் என் பக்கம் திரும்பினார்.

"செத்த வீட்டுக்கும் சனம் வரும். அதுகளுக்கும் எழும்பி வந்து தேத்தண்ணி ஊத்துவியோ?"

கோபமாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. என் உடம்பை இவ்வளவு காலமும் வீட்டு வேலைக்கு நிற்கும் ஒருத்தியைப் போலத்தான் நடத்தியிருக்கிறேன். எல்லாருக்கும் கொடுத்து மிஞ்சினால் அவளுக்கு. அவள் செத்தால் நானும் செத்துப்போவேன் என்பது அங்கேதான் விளங்கியது.

இப்போது காலையில் குளிசை போட்டபின் கதிரையில் உட்கார்ந்திருந்து ஒரு பிடி கச்சான் தின்கிறேன். நின்றபடியே விழுங்கிப் பழகியவள் நான். ஒரு பிடியை மென்று தின்ன இவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நெஞ்சு அடிப்பது கேட்கும். இன்னும் எத்தனை காலம் அடிக்கும் என்று டாக்டருக்கும் தெரியாது.

நேற்று வாசல் படலையடியில் யாரோ கூப்பிட்டார்கள். கால் தானாக எழும்பப் பார்த்தது. "இருங்கோ, வாறன்" என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டு, வாயிலிருந்ததை மென்று முடித்தேன்.